முந்நூறு பத்திரிகை

எங்கள் மின்சார ஆபீசில் அவருக்குப் பெயர் பூட்டு. வைத்தவள் நான்தான். மீட்டர் பார்க்கப் போகிற வீட்டில் ஆள் இல்லையென்றால் நோட்டில் ‘பூட்டு’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பது எங்கள் வழக்கம். இவரும் அப்படித்தான், உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. காலையில் வணக்கம் சொன்னால் தலை ஆடும். சாப்பிட்டாச்சா என்று கேட்டால் தலை ஆடும். ஆபீசே தீப்பிடித்து எரிகிறது என்று சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று நான் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். உறுத்தினாலும் என் வாய் சும்மா இருந்ததில்லை.

அவர் எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தங்கச்சி என்பார், ஆனாலும் நீங்க என்றுதான் பேசுவார். அதுவும் பேசினால்தான். இருபத்தாறு வருஷமாக ஒரே ரூட்டு. வீடுகள் பெருகப் பெருக அந்த ரூட்டில் தெருக்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். என்றாலும் அவர் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் விடாமல் பார்த்து வந்தவை அவற்றில் நான்கு தெருக்கள்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அந்த நான்கு தெருவுக்கும் போவார். மீட்டர் உள்ளே இருக்கிற வீடு என்றால், வாசலுக்கு மூன்றடி தள்ளி நின்று “கரண்ட்” என்று ஒரே ஒரு தடவை சொல்வார். அது அந்த வீட்டு நாய்க்குக் கேட்டிருந்தாலே ஆச்சரியம். நல்லவேளையாக முக்கால்வாசி வீடுகளில் மீட்டர் பெட்டி வெளிச்சுவரில்தான். பெட்டிக் கதவைத் திறந்து, எண்ணைப் பார்த்து, உள்ளே செருகியிருக்கும் அட்டையில் குறித்துவிட்டு, மறுபடியும் செருகி மூடிவிடலாம். யாரிடமும் முகம் கொடுத்துப் பேச வேண்டியதில்லை. அவருக்கென்றே செய்துவைத்த வேலை.

அவருக்கு மனிதர்கள் கிடையாது. இதை நான் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை, கணக்கெடுப்பு மாதிரிதான் சொல்கிறேன். அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். ஒரே ஓர் அண்ணன், ஏதோ ஒரு சுவர் விஷயமாகச் சண்டை வந்து பதினெட்டு வருஷமாகப் பேச்சு இல்லை. மனைவி, பெண்ணுக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது காய்ச்சலில் போனாள். அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னத் தெரியாமல் மூன்று வாரம் வெறும் ரப்பர் பேண்டு போட்டுப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார். அப்புறம் ஒருநாள் மத்தியானம் என்னிடம் வந்து நின்றார். ஸ்டோர் ரூமில் கிடந்த ஒயரில் மூன்று துண்டை வெட்டி நான் பின்னிக் காட்டினேன். சாப்பாட்டு நேரம் முழுக்க அந்த ஒயரைப் பின்னிப் பின்னி அவிழ்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து அந்தப் பெண் பின்னலோடு போனாள். அவர் சந்தோஷமாக இருந்து நான் பார்த்த நாட்களை எண்ணச் சொன்னால் அதைத்தான் முதலில் சொல்வேன்.

அந்தப் பெண் வளர்ந்து ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கண்ணைப் பரிசோதிக்க வந்த ஒரு பையன் அவளைப் பார்த்துவிட்டான். மூன்று மாதத்தில் நான்கு கண்ணாடி வாங்கினானாம். இதற்குமேல் வாங்கினால் முகத்தில் இடமில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டான். நல்ல பையன், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவன் வீடு பெரிய வீடு. பம்புசெட்டுக் கடை, சித்தப்பா பெரியப்பா என்று ஒரு தெருவே உறவு. அவர்கள் பெண்ணைப் பார்க்க வந்த அன்று, இந்தப் பக்கம் பொம்பளை ஆள் வேண்டுமே என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். ஒரு அறை வீட்டில் பதினாறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கம் அவர், நான், அந்தப் பெண். அவ்வளவுதான்.

பையனின் அப்பா நல்ல மனிதராகத்தான் பேசினார். மண்டபம் அவர்கள் பொறுப்பு, பத்திரிகை அவரவருக்கு வேண்டியதை அவரவர் அடித்துக்கொள்ளலாம் என்றார். நாற்காலிக்கும் பந்திக்கும் ஆள் கணக்கு சொல்ல வேண்டும், எங்க பக்கம் அறுநூறு வரும், உங்க பக்கம் எத்தனை என்று கேட்டார். சாதாரணக் கேள்வி. இவர் வழக்கம்போலத் தலையை ஆட்டுவார், நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

“முந்நூறு,” என்றார் பூட்டு.

எனக்குப் புரையேறியது. அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். பையனின் அப்பா தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் நான் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். எந்த முந்நூறு, எங்கே ஒளித்துவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பெண் காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டு பின்பக்கம் போகும்வரை காத்திருந்து, அதற்கப்புறம்தான் பதில் சொன்னார்.

“அவ போய் வாழப்போற வீடு தங்கச்சி. நாதியத்த பொண்ணுன்னு நெனச்சுட்டாங்கன்னா, நாளைக்கு அவளை ஒரு வார்த்தை சொல்றதுக்கு முன்னாடி யாரும் யோசிக்க மாட்டாங்க. அவ பின்னாடி ஆளு இருக்குன்னு ஒரு நாளாவது கண்ணால பாக்கணும்.”

ஆளுக்கு எங்கே போவீர்கள் என்றேன். அவர் என்னை வித்தியாசமாகப் பார்த்தார். “என் ரூட்டு இருக்கே,” என்றார். அந்த நான்கு தெருவில் இருநூற்றைம்பது வீடு. இருபத்தாறு வருஷம். குழந்தையாக இருந்ததுகள் குழந்தை பெற்றதையெல்லாம் வாசலில் நின்று பார்த்தவர். வீட்டுக்கு ஒருவர் வந்தால்கூடப் போதும், மிச்சத்துக்கு ஆபீஸ், கண்ணாடிக் கடை, அக்கம்பக்கம். அவர் சொன்னபோது எனக்கே அது நடக்கிற காரியமாகத்தான் தெரிந்தது.

பத்திரிகை எடுக்க ஒரு சனிக்கிழமை நானும் போனேன். பெண்ணுக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை, உங்களுக்குப் பிடிச்சதையே எடுங்கப்பா என்று சொல்லிவிட்டாளாம். அந்தக் கடை ஒரு மாடிப்படிக்கு மேலே இருந்தது. தரையிலிருந்து கூரைவரை அட்டைப்பெட்டிகள், எல்லாவற்றின் மேலும் நம்பர். பசை வாடையும் புதுக் காகித வாடையும் சேர்ந்து தலையைக் கிறுகிறுக்க வைத்தன. கடைக்காரர் விரலை ஸ்பாஞ்சில் நனைத்து நனைத்து ஆல்பத்தைப் புரட்டினார். முதல் கேள்வியே எத்தனை என்பதுதான். முந்நூறு என்றதும் உட்கார நாற்காலி போட்டார்.

எத்தனை வகை! வெல்வெட் ஒட்டியது, சுருட்டிக் குழாயில் போட்டது, ரிப்பன் கட்டியது, உள்ளே மூன்று தாள் விரிகிறது. ஒன்றைத் திறந்ததும் பாட்டுப் பாடியது. பூட்டு கரண்டுக் கம்பியைத் தொட்டவர் மாதிரி பட்டென்று மூடி, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். நான் சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பிடித்தது ஒரு சிவப்பு அட்டை, பொன் எழுத்து, நல்ல கனம். கையில் வாங்கினாலே கல்யாணத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று தோன்றும். போட்டோ எடுத்துப் பெண்ணுக்கு அனுப்பினேன், அவளும் அதுதான் அழகு என்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மீட்டர் அட்டையை எடுத்தார். ஆமாம், பெட்டிக்குள் செருகி வைப்போமே, அதேதான், எழுதாத புது அட்டை. அதைச் சிவப்புப் பத்திரிகைமேல் வைத்துப் பார்த்து, இது பெருசு என்று ஒதுக்கினார். அடுத்ததன்மேல் வைத்தார். அடுத்தது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். இப்படி அளவெடுத்துப் பத்திரிகை வாங்குகிற ஆளை அவர் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். காரணம் கேட்டபோது பூட்டு எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார்.

“பகல்ல பாதி வீட்டுல ஆள் இருக்காது. பெட்டியில வச்சுட்டு வரணும்னா இந்த அளவு இருந்தாத்தான் மடங்காம நிக்கும்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? நல்ல யோசனை என்றேன். இதைச் சொல்லாமல் மறைத்து என் பங்கைக் குறைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. எங்களுக்கு ஒரு வீட்டின் வாசல் என்பது கதவு இல்லை, அந்தப் பெட்டிதான். அந்த வீட்டுக்கு எது சொல்வதானாலும் அதற்குள் வைத்துவிட்டு வருவோம், அவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள். அப்படித்தான் பழகியிருந்தோம். கடைக்காரருக்கு ஏதோ நெருடியிருக்க வேண்டும். கையில் கொடுத்தால்தானே மரியாதை என்று மெல்ல இழுத்தார். உங்க தொழிலை நீங்க பாருங்க என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

கடைசியில் ஒரு சின்ன, வெளிர் மஞ்சள் அட்டையில் வந்து நின்றோம். ஒற்றை மடிப்பு, ஓரத்தில் ஒரு கொடி, அவ்வளவுதான். மீட்டர் அட்டைக்கும் அதற்கும் நூலிழை வித்தியாசம் இல்லை.

அடுத்து வாசகம். தங்கள் வருகையை விரும்பும் என்று அச்சடித்து அதன்கீழ் உறவுக்காரர்களின் பெயரைப் போட வேண்டும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் எத்தனை பேர் என்று கேட்டாள். முந்தின ஆள் இருபத்தெட்டுப் பேர் கொடுத்ததால், இடம் பற்றாமல் எழுத்தைச் சிறிதாக்கினாளாம். பூட்டு மீட்டர் அட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பிறகு அண்ணன் பெயரையும் அண்ணி பெயரையும் சொன்னார், பெரியப்பா பெரியம்மா என்று. பதினெட்டு வருஷம் பேசாத அண்ணன். அப்புறம் என் பக்கம் திரும்பாமலேயே, அத்தைன்னு உங்க பேரையும் மாமான்னு உங்க வீட்டுக்காரர் பேரையும் போட்டுக்கலாமா என்று கேட்டார். வாய்க்கு வாய் பேசுகிற எனக்கு அன்றைக்குத் தலைதான் ஆடியது.

இன்னும் நிறைய இடம் இருக்கிறதே என்றாள் கம்ப்யூட்டர் பெண். எழுத்தைப் பெரிதாக்கிவிடுங்கள் என்றேன்.

புரூஃப் வந்தபோது மீட்டர் எண்ணைப் படிக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் பார்த்தார். தேதி, கிழமை, மணி. மூன்று தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான்கு நாள் கழித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டிய ஆறு கட்டுகளைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு ஆபீசுக்குள் வந்தார். நடையே வேறு மாதிரி இருந்தது.

அந்த மாத ரவுண்டில்தான் கொடுத்தார். சாயங்காலம் ஆபீசுக்குத் திரும்பி நோட்டை வைக்கும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். நான் சொல்வது பொய்யில்லை, பூட்டு திறந்துகொண்டது. இன்னைக்கு நாப்பது வீடு என்பார். ஒரு வீட்டில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னதை, ஒரு வீட்டில் பெண்ணுக்கு என்ன படிப்பு என்று கேட்டதை, ஒரு வீட்டுப் பெரியவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே முழுசையும் படித்ததை எல்லாம் சொல்வார். “கண்டிப்பா வர்றோம்னு சொன்னாங்க தங்கச்சி.” இந்த வாக்கியத்தை அந்தப் பன்னிரண்டு நாள் ரவுண்டில் நான் எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. ஆபீசில் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டு கேட்டோம். அவருடைய அண்ணன் வீட்டில் அண்ணி வெளிக்கேட்டைத் திறக்காமல் கம்பி வழியாகவே வாங்கிக்கொண்டாளாம். அதையும் நல்லவிதமாகவே சொன்னார், வாங்கிக்கிட்டாங்க என்று.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மண்டபத்துக்குள் நுழைந்ததுமே என் கண் நாற்காலிகளுக்குத்தான் போனது. நடுவில் நடக்க வழி விட்டு வலதுபக்கம் மாப்பிள்ளை வீட்டாருக்கு அறுநூறு நாற்காலி, இடதுபக்கம் எங்களுக்கு முந்நூறு. பையனின் அப்பா சொன்ன சொல் மாறாமல் போட்டிருந்தார், எல்லாவற்றுக்கும் வெள்ளை உறை மாட்டி. வலதுபக்கம் எட்டரைக்கே நிரம்பிவிட்டது. இடதுபக்கம் முதல் இரண்டு வரிசையில் ஆபீஸ்காரர்கள், மூன்றாவது வரிசையில் கண்ணாடிக் கடைப் பெண்கள் ஆறு பேர், அவர் குடியிருக்கிற காம்பவுண்டிலிருந்து இரண்டு குடும்பம். அவர் அண்ணன் வீட்டிலிருந்து யாரும் இல்லை. எல்லாம் சேர்த்து நாற்பது தலை தேறும். அதற்குப் பின்னால் வெள்ளை உறைகள் மட்டும்தான்.

பூட்டு வாசலில் நின்றார். புதுச் சட்டை, அதன் மடிப்பு இன்னும் நெஞ்சில் நான்காகத் தெரிந்தது. ஆட்டோ வந்து நின்றால் இரண்டு படி இறங்குவார். இறங்குகிறவர்கள் வலதுபக்கத்து ஆட்களாக இருப்பார்கள். அவர்களையும் கும்பிட்டு வரவேற்றுவிட்டு மறுபடியும் இரண்டு படி ஏறிக்கொள்வார். ஒன்பதரை மணிக்கு நான் போய், வெயிலில் நிற்காதீங்க, உள்ளே வாங்க என்றேன். ஞாயித்துக்கிழமை, மெதுவாத்தான் கிளம்புவாங்க என்றார். பத்து மணிக்குப் போனேன். பஸ்ஸு கிடைச்சிருக்காது என்றார். அந்த நான்கு தெருவிலிருந்து மண்டபத்துக்கு நடந்தே வரலாம்.

வீடியோ எடுப்பவன் ஒருத்தன் இருந்தான், அவனை என்ன சொல்வது, அவன் வேலையைத்தான் செய்தான். மேடையிலிருந்து கூட்டத்தை எடுக்கும்போது ஒரு பக்கம் காலியாக விழுகிறது என்று பையனின் அப்பாவிடம் போய்ச் சொன்னான். அவர் மைக்கை வாங்கி, நம்ம ஆளுங்க ஒரு நூறு பேர் எழுந்து அந்தப் பக்கம் போய் உக்காருங்கப்பா, பொண்ணு வீட்டுப் பக்கம் வெறிச்சுனு இருக்கு என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. யாரோ ஒரு பொம்பளை சத்தமாகச் சிரித்தாள். அவ்வளவு பேரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, தமாஷ் பேசிக்கொண்டு, வழியைத் தாண்டி எங்கள் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். மேடையில் அந்தப் பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை நான் அதற்குமேல் பார்க்கவில்லை. நான்கு தெருக்காரர்களையும் வரிசையில் நிற்கவைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

பந்தியில் இருநூறு இலைக்கு மேல் மிஞ்சிப்போனது. மாப்பிள்ளை வீட்டார் பாத்திரங்களில் நிரப்பி வண்டியில் ஏற்றினார்கள். இது என்ன கணக்கு என்று பையனின் அம்மா இவர் காதுபடவே கேட்டாள். கேட்டதில் தப்பில்லை.

பெண் புருஷன் வீட்டுக்குக் கிளம்பும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அப்பாவின் சட்டைப் பையைச் சரிசெய்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னாள்.

“ஏம்ப்பா முந்நூறுன்னு சொன்னீங்க? நாப்பதுன்னு சொல்லியிருந்தா நாப்பது நாற்காலி போட்டிருப்பாங்க. நெறஞ்சிருக்கும்.”

அவர் தலையை ஆட்டினார்.

மறுநாள் வேலைக்கு வந்தவர் நேராக அதிகாரி அறைக்குப் போய், ரூட்டை மாற்றிக்கொடுங்கள் என்று கேட்டார். இருபத்தாறு வருஷத்தில் அவர் ஆபீசில் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. என் ரூட்டை அவருக்கும் அவருடையதை எனக்கும் மாற்றினார்கள். அந்த வாசல்களில் மறுபடியும் போய் நிற்க அவரால் முடியாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, யாரும் காரணம் கேட்கவில்லை. நானும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். அதனால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடப்போவதில்லை, தெரியும்.

அடுத்த ரவுண்டு வந்தது. முதல் தெருவில் கோபத்தோடுதான் நுழைந்தேன். யாராவது வெளியே வந்தால் கேட்டுவிடுவது என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன். இரண்டாவது வீட்டில் பெட்டியைத் திறந்தேன். மீட்டர் அட்டையை ஒட்டி, அதே அளவில், ஒரு மடிப்புக்கூட விழாமல், பத்திரிகை நின்றது. உறை பிரிக்கவில்லை.

மூன்றாவது பெட்டியிலும் இருந்தது. ஐந்தாவதிலும் இருந்தது. ஒன்றில் சிலந்தி வலை கட்டியிருந்தது.  இப்போதெல்லாம் கணக்கு போனுக்கு மெசேஜாகப் போய்விடுகிறது. அட்டையை எடுத்துப் பார்க்கிற ஜனம் இல்லை. அந்தக் கதவை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை திறப்பவர்கள் நாங்கள் மட்டும்தான். மெசேஜ் வந்து மூன்று வருஷம் ஆகிறது, அதை ஊருக்கெல்லாம் விளக்கிச் சொன்னதும் நாங்கள்தான். சொல்லிவிட்டு, எங்களுக்கு மட்டும் அது உறைக்கவே இல்லை. அவருக்கும் உறைக்கவில்லை, அவருக்குப் புத்தி சொல்லப்போன எனக்கும் உறைக்கவில்லை.

பன்னிரண்டு நாள் ரவுண்டு முடிவதற்குள் அந்த நான்கு தெருவிலும் ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்தேன். உறையின் மூலையில் பென்சிலால் எண் போட்டிருந்தார். பெயர் இல்லை. எங்களுக்கு வீடு என்றால் இணைப்பு எண்தான், இருபத்தாறு வருஷத்தில் அவரும் அந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டிருக்கவில்லை. எண்ணிப் பார்த்தேன். நூற்று அறுபத்திரண்டு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பையோடு அவர் வீட்டுக்குப் போனேன். தனியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். யாரும் உங்களை ஒதுக்கவில்லை, மதிக்காமல் இருக்கவில்லை, அவர்கள் பத்திரிகையைப் பார்க்கவே இல்லை, தப்பு நம்முடையது, நானும்தான் கூட நின்று தலையாட்டினேன் என்று சொல்லிப் பையைத் தரையில் கவிழ்த்தேன்.

அவர் ஒன்றை எடுத்து உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பிரிக்கவே இல்லையா?” என்று கேட்டார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்தது, சத்தியமாக, அந்த ஒயர்ப் பின்னலுக்கு அப்புறம் இதுதான். எனக்கும் தெம்பு வந்துவிட்டது.

“கிளம்புங்கண்ணே. சம்பந்தி வீட்டுக்கே போய் இதைக் காட்டிட்டு வருவோம். உங்க பொண்ணும் பாக்கட்டும், அவ மாமியாரும் பாக்கட்டும். ஆளு இல்லாம இல்ல, சேதி போகலன்னு தெரியட்டும்.”

சரி என்றார். எழுந்து வெளிச்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பொத்தானைப் போட்டுக்கொண்டே கீழே பார்த்தவர், ஒரு நிமிஷம் இருங்க தங்கச்சி, அங்க போய்க் காட்டும்போது ஒழுங்கா இருக்கணும், வரிசையா அடுக்கிடுறேன் என்று தரையில் உட்கார்ந்தார். எண்படி எடுத்து ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகப் பரப்ப ஆரம்பித்தார். தெருவுக்கு ஒரு வரிசை. எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு என்று யோசிக்க வேண்டியதே இல்லை, கை தானாக ஓடியது. எண் விட்டுப்போன இடத்தில் அந்த வீட்டுக்கு இடம் விட்டுவிட்டு அடுத்ததை வைத்தார். இருபத்தாறு வருஷத்துப் பழக்கம்.

வைக்க வைக்க அவர் கை மெதுவானது. எனக்கு அப்போதும் புரியவில்லை. சீக்கிரம் அடுக்குங்க, பஸ் போயிடும் என்றேன்.

கடைசி உறையையும் வைத்துவிட்டு நான்கு வரிசையையும் பார்த்தார். நடுநடுவே காலி இடங்கள், பொக்கைப்பல் மாதிரி.

“இருநூத்தம்பதுல நூத்தி அறுபத்திரெண்டு போனா எண்பத்தெட்டு,” என்றார். “எண்பத்தெட்டு வீட்டுல கையில கொடுத்தேன் தங்கச்சி.”

கிளம்பக் கையில் எடுத்த காலிப் பையை நான் கீழே வைத்தேன். 

முதல் வரிசையின் முதல் காலி இடத்தில் விரலை வைத்தார். “இது ஒண்ணு. அந்தம்மா நாற்காலி போட்டாங்க.” விரல் நகர்ந்தது. “இது நாலு. பொண்ணு என்ன படிச்சிருக்குன்னு கேட்டாங்க.” விரல் நகர்ந்தது. “இது ஒன்பது. அவரு கண்ணாடி போட்டுக்கிட்டு முழுசும் படிச்சாரு. தேதியைச் சத்தமா ரெண்டு தடவை படிச்சாரு.”

போதும்ணே என்றேன். கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தேன். அவருக்குக் கேட்டதாகவே தெரியவில்லை. அந்த எண், அந்த வீட்டில் என்ன சொன்னார்கள், அடுத்த எண். சம்பந்தி வீட்டுக்குப் போகிற பேச்சை இருவரும் அதற்கப்புறம் எடுக்கவில்லை. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எண்பத்தெட்டையும் சொல்லி முடித்த பிறகுதான் அவர் எழுந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.